குழந்தைக்கு அடிக்கடி இழுப்பு: நெபுலைசரா, ஸ்பேசரா? தினமும் மருந்தா, வரும்போது மட்டுமா?

என் மகளுக்கு ஒன்றரை வயதில் முதல்முறை இழுப்பு வந்தது. சாதாரணச் சளிதான் என்று படுக்க வைத்திருந்தோம். நடு இரவில் எழுந்து பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. முதுகில் காதை வைத்தால் விசில் ஊதுவது போலச் சத்தம். அடுத்த ஆறு மாதத்தில் இன்னும் மூன்று முறை அதே கதை. நான்காவது முறை வீடு திரும்பியபோது எங்களிடம் இரண்டு டாக்டர்கள் எழுதிய இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்றில் வீட்டுக்கு நெபுலைசர், அதாவது திரவ மருந்தைப் புகை போல ஆக்கித் தரும் மெஷின், வாங்கச் சொல்லியிருந்தது. மற்றதில் இன்ஹேலர், அதில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய், மாஸ்க். போதாததற்கு, தடுப்பு மருந்தைத் தினமும் கொடுப்பதா, இழுப்பு வரும்போது மட்டும் பார்த்துக்கொள்வதா என்ற கேள்வியும் எங்கள் தலையில் வந்து விழுந்தது.

இப்போது அவளுக்கு ஏழு வயது. நாங்கள் எல்லா வழியிலும் போய்ப் பார்த்துவிட்டோம். மெஷினும் வாங்கினோம், ஸ்பேசரும் வாங்கினோம். தினசரி மருந்து கொடுத்தோம், நிறுத்தியும் பார்த்தோம். அந்த அனுபவத்தையும் இத்தனை வருடத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எத்தனை பஃப் (இன்ஹேலரை ஒருமுறை அழுத்துவது ஒரு பஃப்), எவ்வளவு அளவு என்பதெல்லாம் உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் சொல்ல வேண்டியவை. அவரிடம் போய் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில், இது இழுப்புதானா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் எந்த மருந்தையும் ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரு வயதுக்குள் முதல்முறையாக மூச்சிரைத்தால் அது பெரும்பாலும் பிராங்கியோலைட்டிஸ், அதாவது வைரஸால் சிறு மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி அடைத்துக்கொள்வது. ஆர்எஸ்வி என்ற வைரஸ்தான் அதற்கு முக்கியக் காரணம். அதில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகள் பெரிதாக வேலை செய்வதில்லை. நாய் குரைப்பது போன்ற இருமலும், மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரப்பான சத்தமும் வந்தால் அது குரூப். கோளாறு தொண்டைப் பக்கம் இருக்கிறது, மருந்தும் வேறு. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை சளியோ காய்ச்சலோ இல்லாமல் திடீரென்று இருமி மூச்சுத் திணறினால், எதையோ விழுங்கி அது மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். இந்த மூன்றிலும் வீட்டில் இருக்கும் கருவி எதுவும் தீர்வாகாது.

இனி நான் பேசப்போவது, ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை, சளி பிடிக்கும்போதெல்லாம் நெஞ்சில் விசில் சத்தத்தோடு திரும்பத் திரும்ப வருகிற இழுப்பைப் பற்றி. இதை ஆஸ்துமா என்று சொல்லலாமா கூடாதா என்று டாக்டர்களே இந்த வயதில் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-ல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். 1995-ல் வெளியான அதன் முடிவு எனக்குப் பல இரவுகளில் ஆறுதலாக இருந்தது. மூன்று வயதுக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு ஒருமுறையாவது இழுப்பு வந்திருந்தது. அப்படி வந்தவர்களில் பாதிக்கும் மேல், அதாவது பத்தில் ஆறு பேருக்கு, ஆறு வயதில் இழுப்பு இல்லை. வளர வளர மூச்சுக்குழாயும் அகலமாகிறது.

ஆனால் எந்தக் குழந்தைக்கு நிற்கும், எதற்குத் தொடரும் என்பது இரண்டு வயதில் உறுதியாகத் தெரியாது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆஸ்துமா இருந்தால், குழந்தைக்குத் தோலில் எக்சிமா என்ற அரிப்பு நோய் இருந்தால், சளி இல்லாத நாட்களிலும் ஓடினாலோ சிரித்தாலோ இருமினால், தொடர்கிற வாய்ப்பு கூடுதல். இந்த விவரங்களைக் குறித்து வையுங்கள். பின்னால் தினசரி மருந்து பற்றிய முடிவில் இவைதான் பேசும்.

நெபுலைசரா, ஸ்பேசரா

பெற்றோர்கள் பெரும்பாலும் முதலில் சாய்வது நெபுலைசர் பக்கம். நாங்களும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் அதை வைத்தார்கள், குழந்தை சரியானாள். அதனால் அதுதான் பலமான வைத்தியம் என்று மனதில் பதிந்துவிட்டது. மெஷின் சத்தம் போடுகிறது, புகை போல மருந்து வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்பேசரோ ஒரு பிளாஸ்டிக் குழாய். அதை முகத்தில் வைத்து ஒரு அழுத்து, ஐந்தாறு மூச்சு, முடிந்தது. இதிலா இவ்வளவு பெரிய திணறல் அடங்கும் என்று தோன்றும்.

கணக்கும் அதே மயக்கத்தைத் தரும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்புட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் என்பது வழக்கமாக 100 மைக்ரோகிராம். நெபுலைசரில் ஊற்றுகிற சிறு குப்பி ஒன்றில் 2.5 மில்லிகிராம், அதாவது 2,500 மைக்ரோகிராம். இருபத்தைந்து மடங்கு! ஆனால் அவ்வளவும் நெஞ்சுக்குப் போவதில்லை. ஒரு பங்கு கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். குழந்தை மூச்சை வெளியே விடும்போதும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த மருந்து அறைக்குள் கலந்துவிடும். இன்னொரு பங்கு முகத்திலும் மூக்கிலும் படிந்துவிடும். மூச்சுக்குழாய் வரை போய்ச் சேருவது ஒரு சிறு பங்குதான். இவ்வளவு வீணாகும் என்று தெரிந்தேதான் குப்பியில் அவ்வளவு வைத்திருக்கிறார்கள்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் நிறைய உண்டு. அவற்றையெல்லாம் தொகுத்து எடைபோட்ட காக்ரேன் அமைப்பின் அறிக்கை, இழுப்பு வந்த குழந்தைகளுக்கு ஸ்பேசர் வழி மருந்து நெபுலைசருக்குக் குறையாத பலன் தருகிறது என்றது. ஸ்பேசரில் மருந்து வாங்கிய குழந்தைகள் அவசரப் பிரிவில் இருந்த நேரமும் குறைவு, நெஞ்சு படபடப்பும் குறைவு. உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவர்கள் அந்த ஆய்வுகளில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜன் தேவைப்படும் அளவுக்கு மோசமான குழந்தைக்கு ஆக்சிஜனிலேயே நெபுலைசரை ஓட்டுவார்கள். அது ஆஸ்பத்திரிக்குள் நடக்கிற வேலை, வீட்டு மெஷினால் முடியாது.

உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டிகளை வெளியிடும் ஜினா அமைப்பும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலில் சொல்வது ஸ்பேசரைத்தான்: மூன்று வயதுவரை முகமூடியோடு, நான்கு ஐந்து வயதில் வாயில் வைக்கும் முனையோடு. நெபுலைசர் அதற்கு மாற்று.

அப்படியானால் ஸ்பேசர் என்று முடித்துவிடலாமே? முடிக்க முடியாது. எந்தக் கருவி உயர்ந்தது என்பதைவிட, அதிலிருந்து மருந்து உங்கள் குழந்தையின் நெஞ்சுக்குள் போகிறதா என்பதே கேள்வி. இதை நாங்கள் புரிந்துகொண்டது ஒரு தவறு செய்த பிறகு.

நெபுலைசர் வாங்கிய முதல் சில வாரங்களில் மகள் மாஸ்க்கைக் கண்டாலே அலறினாள். அவளை அழவைக்க மனமில்லாமல், மாஸ்க்கை முகத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, புகை மூக்குப் பக்கம் போகிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தோம். மூன்று முறை அப்படி வைத்தும் இழுப்பு குறையாமல் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸ் எங்களைச் செய்து காட்டச் சொன்னார். நான் மாஸ்க்கைத் தள்ளிப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளாக மருந்தை அறைக்குத்தான் கொடுத்திருக்கிறீர்கள்" என்று நிதானமாகச் சொன்னார். மாஸ்க் ஓரிரு சென்டிமீட்டர் விலகினாலே உள்ளே போகும் மருந்து வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்பேசரிலும் அதே கதைதான், சொல்லப்போனால் இன்னும் அதிகம்: மாஸ்க்கின் ஓரத்தில் இடைவெளி இருந்தால் குழந்தை மருந்தை இழுக்காமல் அந்த இடைவெளி வழியே வெளிக்காற்றைத்தான் இழுக்கும்.

அழுகையும் ஒரு தடை. அழும் குழந்தை ஆழமாக மூச்சு இழுக்கிறது, அதனால் மருந்து நன்றாக உள்ளே போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம், சிலர் சொல்லியும் தருகிறார்கள். உண்மை நேர்மாறு. அழுகையில் மூச்சு வெளியேறுவதுதான் நீளம்; உள்ளே இழுப்பது சட்டென்று ஒரு நொடியில் முடிந்துவிடும். அந்த வேகத்தில் போகும் துளிகள் தொண்டையில் மோதி, விழுங்கி, வயிற்றுக்குப் போகும்.

ஆகவே தேர்வு செய்யும்போது உங்கள் குழந்தை எதை முகத்தில் வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கும் என்று பாருங்கள். நெபுலைசர் என்றால் ஐந்து முதல் பத்து நிமிடம், பக்கத்தில் இரைச்சல். ஸ்பேசர் என்றால் ஒரு பஃப்புக்குச் சில நொடி. நான்கு பஃப் கொடுத்தாலும் ஓரிரு நிமிடங்களில் முடியும். துறுதுறுவென்று இருக்கும் இரண்டு வயதுக் குழந்தைக்கு இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் சில குழந்தைகள் மெஷின் சத்தத்திலேயே மடியில் சாய்ந்து கதை கேட்டபடி உட்கார்ந்துவிடுவார்கள், ஸ்பேசர் மாஸ்க்கை இறுக்கி வைத்தால் மட்டும் திமிறுவார்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு நெபுலைசரே சரி. அதில் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் முடிவில் ஸ்பேசர்தான் நிலைத்தது. காரணம் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தது. அது பைக்குள் அடங்கும், பள்ளிக்குப் போகும், பயணத்தில் வரும், மின்சாரம் கேட்காது. விலையும் மெஷினைவிடக் குறைவு. நெபுலைசரில் ஒவ்வொரு முறையும் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் கழுவிக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் கிருமி வளர்ந்து, அதையே குழந்தை உள்ளிழுக்கும். வடிகட்டியை அவ்வப்போது மாற்ற வேண்டும். சத்தமில்லாத, கையடக்கமான மெஷ் நெபுலைசர்கள் இப்போது கிடைக்கின்றன, நல்லவைதான். அல்ட்ராசோனிக் வகை மட்டும் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு மருந்துக்கு ஏற்றதில்லை. வாங்கும் முன் எந்த மருந்தை ஊற்றப்போகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பேசருக்கும் தனிச் சிக்கல்கள் உண்டு. புதுப் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் இருக்கும், மருந்துத் துகள்கள் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சோப்புத் திரவம் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட்டால் அது போய்விடும். துடைத்தால் மறுபடி மின்னேறும். இரண்டு பஃப்பைச் சேர்த்து அழுத்தக் கூடாது: ஒன்று, ஐந்தாறு மூச்சு, இன்ஹேலரைக் குலுக்கு, அப்புறம் அடுத்தது. இன்னொன்று எங்களை ஒருமுறை கைவிட்டது. எங்கள் இன்ஹேலரில் எண்ணிக்கை காட்டும் சாளரம் இல்லை. அழுத்தினால் புஸ்ஸென்று வந்துகொண்டேதான் இருந்தது, ஆனால் உள்ளே மருந்து தீர்ந்து, தள்ளும் வாயு மட்டும் மிச்சமிருந்திருக்கிறது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்ப முடியாது. எண்ணிக்கை காட்டும் இன்ஹேலரைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பெட்டியின் மேல் தேதியோடு எழுதிக் கணக்கு வையுங்கள்.

குழந்தையைப் பழக்குவதற்கு எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. இழுப்பு இல்லாத நல்ல நாளில், மருந்து இல்லாமல், வெறும் மாஸ்க்கோடு தொடங்கினோம். முதலில் பொம்மைக்கு, அப்புறம் எனக்கு, கடைசியில் அவளுக்கு. ஸ்பேசரில் அவளே ஸ்டிக்கர் ஒட்டினாள். மூச்சை விரல் விட்டு எண்ணினோம். ஆறு வந்ததும் அவளே மாஸ்க்கை எடுத்துவிடலாம் என்பது ஒப்பந்தம். தூங்கும்போது கொடுத்துவிடலாம் என்றும் முயன்றோம், ஒவ்வொரு முறையும் விழித்துக்கொண்டு இன்னும் பயந்தாள். அதை விட்டுவிட்டோம்.

"பம்ப் பழக்கினால் விட முடியாது" என்ற பேச்சு எங்களுக்கும் வந்தது. இன்ஹேலருக்கு அடிமையாவது என்று ஒன்று இல்லை. நோய் இருக்கிறவரை மருந்து தேவைப்படுகிறது, நோய் அடங்கினால் மருந்தும் நின்றுபோகிறது. சொல்லப்போனால் இந்தக் கருவி பிறந்ததே ஒரு பிள்ளைக்காகத்தான். 1950-களில் ரைக்கர் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. கண்ணாடிக் குமிழை அமுக்கி அமுக்கி மருந்து இழுத்து அலுத்துப்போன அந்தப் பெண், தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஏன் ஒரு டப்பாவில் வைக்கக் கூடாது என்று அப்பாவைக் கேட்டாள். 1956-ல் அளவு குறித்து அழுத்தும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

சிரப், ஆவி இரண்டையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்வழி சால்புட்டமால் சிரப் கொடுப்பது சுலபம், அதனாலேயே பலர் வீட்டில் இருக்கிறது. ஆனால் அது வேலை செய்யத் தாமதமாகும், கை நடுக்கமும் படபடப்பும் அதிகம். உள்ளிழுக்கும் மருந்து சில நிமிடங்களிலேயே வேலை செய்யும். வெந்நீர் ஆவி மூச்சுக்குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தாது, சிறு குழந்தைக்குச் சூடுபட்டுவிடும் ஆபத்து மட்டும் உண்டு. நெபுலைசரையும் "ஆவி வைப்பது" என்றே பலர் சொல்வதால் இரண்டும் ஒன்று என்ற குழப்பம் இருக்கிறது. மெஷினில் வெறும் உப்புநீரை வைப்பதும் இழுப்புக்கு மருந்தாகாது.

தினமும் கொடுப்பதா, வரும்போது மட்டுமா

இதுதான் கடினமான முடிவு. சால்புட்டமால் இறுகிய குழாயை அந்த நேரத்துக்கு விரித்துவிடும், நான்கைந்து மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். உள்ளே இருக்கிற வீக்கத்தை அது தொடுவதில்லை. வீக்கத்தைக் குறைப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு, புடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்றவை. அவை அன்றைய திணறலுக்கு உதவாது. நாள்பட எடுத்தால்தான் பலன். இரண்டு இன்ஹேலரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதபடி, எங்கள் வீட்டில் ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தோம்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. இழுப்பு வரும்போது மட்டும் சால்புட்டமால். தினமும் குறைந்த அளவு ஸ்டீராய்டு. மூன்றாவது, சளி தொடங்கிய அன்றே சில நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு.

முதல் வழி யாருக்கு? வருடத்தில் ஓரிரு முறை, அதுவும் சளியோடு மட்டும், லேசாக வந்து போகிற குழந்தைக்கு. இடைப்பட்ட நாட்களில் நன்றாகத் தூங்குகிறது, ஓடுகிறது, இருமல் இல்லை என்றால் தினமும் மருந்து கொடுப்பதில் பெரிய ஆதாயம் இல்லை.

தினசரி மருந்து யாருக்கு? இழுப்பு இல்லாத நாட்களிலும் இரவில் இருமுகிற, விளையாட்டை நடுவில் நிறுத்திவிட்டு உட்காருகிற குழந்தைக்கு. அல்லது திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவருகிற, வாய்வழி ஸ்டீராய்டு தேவைப்படுகிற குழந்தைக்கு. எக்சிமா, ஒவ்வாமை, பெற்றோரின் ஆஸ்துமா இருந்தால் தராசு இன்னும் இந்தப் பக்கம் சாயும். 2016-ல் வெளியான இன்ஃபன்ட் என்ற ஆய்வு, தினசரி ஸ்டீராய்டு, தினசரி மான்டெலுகாஸ்ட் மாத்திரை (இதைப் பற்றிப் பின்னால்), தேவைப்படும்போது மட்டும் சால்புட்டமாலோடு ஸ்டீராய்டு என்று மூன்றையும் ஒவ்வொரு குழந்தைக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. காற்றில் வரும் ஒவ்வாமைப் பொருள்களுக்கு எதிர்வினை காட்டிய, ஒவ்வாமையில் கூடும் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 300-ம் அதற்கு மேலும் இருந்த குழந்தைகளுக்குத் தினசரி ஸ்டீராய்டுதான் தெளிவாக அதிகப் பலன் தந்தது. அதனால் ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை இந்த முடிவுக்கு உதவும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வழிக்கும் ஆதாரம் இருக்கிறது. 2011-ல் வந்த மிஸ்ட் என்ற ஆய்வில், ஒன்று முதல் நாலரை வயதுக்குட்பட்ட 278 குழந்தைகளில் ஒரு பாதிக்குத் தினமும் குறைந்த அளவு புடெசொனைடு. மறுபாதிக்குச் சளி தொடங்கியதும் ஏழு நாள் மட்டும் அதிக அளவு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது கடுமையான இழுப்பு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்திருந்தது. இடைவிட்டுக் கொடுத்தவர்கள் உடலுக்குள் போன மொத்த மருந்தோ வெகு குறைவு. இந்தக் குழந்தைகள் இடைப்பட்ட நாட்களில் நன்றாக இருந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. எங்கள் மகள் முதல் வருடம் அப்படி இல்லை. சளி இல்லாதபோதும் விடியற்காலையில் இருமுவாள். அதனால் தினசரி மருந்தையே எடுத்தோம்.

ஸ்டீராய்டு என்ற சொல் கேட்டதும் எனக்கு வந்த பயத்தை நான் மறைக்கவில்லை. உயரம் குறையுமா? குறையும், ஆனால் எவ்வளவு என்று தெரிந்துகொண்டால் பயம் அளவுக்கு வரும். இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் 285 பேரை வைத்து நடந்த பீக் என்ற ஆய்வு 2006-ல் வெளியானது. இரண்டு வருடம் தினமும் ஃப்ளூட்டிகசோன் எடுத்தவர்கள் மற்றவர்களைவிட 1.1 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தார்கள். மருந்தை நிறுத்தி ஒரு வருடம் ஆனபோது அந்த வித்தியாசம் 0.7 ஆகச் சுருங்கியது. இன்னும் பெரிய குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்த இன்னொரு ஆய்வு, பெரியவர்களான பிறகும் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவு இருந்ததாக 2012-ல் சொன்னது. ஒரு பக்கம் இந்த ஒரு சென்டிமீட்டர். மறுபக்கம் தூங்காத இரவுகள், விடுபட்ட விளையாட்டு, ஆஸ்பத்திரி, ஒவ்வொரு கடும் இழுப்புக்கும் வாய்வழியாகக் கொடுக்கப்படும் பல மடங்கு ஸ்டீராய்டு. எங்களுக்கு முடிவெடுக்க அதுவே போதுமாக இருந்தது.

அதே பீக் ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது, அதைப் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து எடுத்த இரண்டு வருடமும் குழந்தைகள் நன்றாக இருந்தார்கள். நிறுத்திய மூன்றாம் வருடம் இரு பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. அதாவது தினசரி மருந்து இன்றைய நாளை நல்ல நாளாக்குகிறது. வருங்கால ஆஸ்துமாவைத் தடுப்பதில்லை. "இப்போதே கொடுத்தால் முழுசாகக் குணமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. குழந்தை இப்போது நன்றாக இருக்கிறது என்றால், வருங்காலத்துக்காக என்று மட்டும் மருந்தைத் தொடங்கத் தேவையில்லை.

பிரெட்னிசலோன் என்ற வாய்வழி ஸ்டீராய்டு பற்றியும் ஒரு சொல். சளியோடு வரும் இழுப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 687 சிறு குழந்தைகளை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வில், ஐந்து நாள் பிரெட்னிசலோன் கொடுத்ததால் அவர்கள் சீக்கிரம் வீடு திரும்பவில்லை என்று 2009-ல் வெளியிட்டார்கள். கடுமையான இழுப்பில் அது இன்னும் தேவைப்படும், டாக்டர் கொடுத்தால் கொடுக்கத்தான் வேண்டும். மீந்த மருந்தை அலமாரியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சளிக்கும் நாமே தொடங்குவதுதான் கூடாது.

மான்டெலுகாஸ்ட்: தினம் ஒரு மென்று தின்னும் மாத்திரை, மாஸ்க் இல்லை, அழுகை இல்லை. ஆசையாகத்தான் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு அளவுக்கு அது பலன் தருவதில்லை. தூக்கக் கெடுதி, கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் போன்றவை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை இந்த மருந்துக்குச் சேர்த்தது. இரண்டு வயதுக் குழந்தையால் தன் கனவைச் சொல்லத் தெரியாது. டாக்டர் பரிந்துரைத்தால், முதல் வாரங்களில் தூக்கத்தையும் நடத்தையையும் உன்னிப்பாகக் கவனியுங்கள். மாறினால் அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் வீட்டுக்குள் புகைபிடிக்கிறவர் ஒருவர் இருந்தால் பாதி மருந்து அவரோடு போராடுவதிலேயே போய்விடும். பால்கனியில் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் கையிலும் புகை வருகிறது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

வீட்டில் பார்ப்பதா, கிளம்புவதா

எந்த இரவிலும் இதுதான் கடைசியில் நிற்கும் கேள்வி. நாங்கள் பகலில், பதற்றமில்லாத நேரத்தில், டாக்டரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டோம்: எத்தனை பஃப், எத்தனை நிமிடம் கழித்து மறுபடி, எப்போது கிளம்ப வேண்டும்.

மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம், வயிற்றைப் பார்த்து எண்ண வேண்டும். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் வேகமான மூச்சு. அப்புறம் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு இடையிலும் நெஞ்சுக்குழியிலும் தோல் உள்வாங்குகிறதா, மூக்கு விடைக்கிறதா, நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடிகிறதா, பால் குடிக்க முடிகிறதா? பஃப் கொடுத்தும் மாறவில்லை என்றாலும், மாறி மூன்று நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டாலும் கிளம்ப வேண்டும். உதடு நீலமாவது, குழந்தை துவண்டு தூங்கி வழிவது, சத்தமாக இருந்த விசில் திடீரென்று அடங்கி ஆனால் நெஞ்சு இன்னும் போராடுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், போகிற வழியெல்லாம் மருந்தைக் கொடுத்துக்கொண்டே போங்கள். சத்தம் அடங்கியதைப் பார்த்து நாங்கள் ஒருமுறை "சரியாகிவிட்டது" என்று நினைத்தோம். காற்றே போகவில்லை என்பதால் சத்தம் நின்றிருந்தது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் துணைக்கு இருக்கலாம். 92-க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. ஆனால் அசைகிற, குளிர்ந்த சின்ன விரலில் அது தப்பாகவும் காட்டும். எண் 96 என்று இருந்து நெஞ்சு உள்வாங்கினால், நெஞ்சைத்தான் நம்புங்கள்.

தினசரி மருந்து தொடங்கினால் மூன்று மாதம் கழித்து ஒரு தேதியை அன்றே குறித்துவிடுங்கள். அதற்குள் இரவு இருமல், இழுப்பு வந்த நாள், கொடுத்த பஃப் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பலன் தெரியவில்லை என்றால் மருந்தைக் கூட்டச் சொல்லும் முன், போகும்போது ஸ்பேசரையும் மாஸ்க்கையும் கையோடு எடுத்துப்போய் டாக்டர் கண்ணெதிரிலேயே குழந்தைக்கு ஒரு பஃப் கொடுத்துக் காட்டுங்கள். எங்கள் மகளுக்கு நான்காவது வயதில் இழுப்பு மறுபடி கூடியபோது அப்படித்தான் தெரிந்தது. அவள் முகம் வளர்ந்திருந்தது. மாஸ்க் பழைய அளவிலேயே இருந்தது. வாயில் வைக்கும் முனைக்கு மாற்றினோம், மருந்தின் அளவு அப்படியே இருந்தது, அந்த மாதமே இரவு இருமல் நின்றது.